கேத்தரினுக்கு அப்புறம் நான் ஓட்டினேன்

1

எங்களுடைய முப்பதாவது திருமண நாளன்று காலையில் என் கணவர் ஒரு தண்ணீர்க் குழாயை இடித்துச் சாய்த்தார்.

நடந்தது ஆஸ்திரேலியாவின் வடக்கே, கேத்தரின் என்ற ஊரில், ஒரு கேரவன் பார்க்கில். கேரவன் என்றதும் பெங்களூரில் இருக்கும் உங்களுக்கு சினிமா நடிகர்கள் உட்காரும் சொகுசு வண்டி நினைவுக்கு வரலாம். எங்களுடையது அதில்லை. ஒரு கட்டில், இரண்டு அடுப்பு, ஒரு சின்ன ஃபிரிட்ஜ், கை கழுவ ஒரு தொட்டி, இவ்வளவும் அடங்கிய வெள்ளைப் பெட்டி. அதைக் காரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். மெல்பர்னில் குளிர் ஆரம்பித்ததும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் இப்படி ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலைத் தேடி வடக்கே கிளம்பிவிடுவார்கள். அவர்கள் தங்குவதற்கென்றே ஊருக்கு ஊர் பார்க் உண்டு. ஆளுக்கு ஒரு துண்டு இடம், ஒரு கரண்ட் பிளக், ஒரு தண்ணீர்க் குழாய்.

அந்தக் குழாயைத்தான் சேகர் சாய்த்தார். தண்ணீர் இரண்டாள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. பக்கத்து கேரவனிலிருந்து அரை டவுசர் போட்ட பெரியவர் ஒருவர் ஸ்பேனரோடு ஓடி வந்தார். அவர் பின்னால் அவர் மனைவி துண்டுகளோடு. நான் நைட்டியோடு தொப்பலாக நின்றுகொண்டிருந்தேன்.

"நேத்து இந்தக் குழா இங்க இல்ல ஸ்டெல்லா," என்றார் சேகர்.

"இல்லாத குழாயிலதான் நேத்து ரெண்டு பக்கெட் தண்ணி புடிச்சீங்களா?"

அவர் சாய்ந்து கிடந்த குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். அந்தப் பெரியவரும் சிரித்தார். குழாயைச் சரிசெய்து கொடுத்தவர்களுக்குத் திருமண நாள் கேசரியை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பயணத்தில் அது மூன்றாவது இடி. அடிலெய்டு தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒரு குப்பைத் தொட்டி. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் நடைபாதைக் கல். இப்போது குழாய். மூன்றுமே இடது பக்கம். முப்பத்தைந்து வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள் நான். முன்பின் தெரியாதவர்களின் முகத்தைப் பார்த்தே எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவேன். கூடவே இருக்கும் மனிதர் இடது பக்கமாகவே இடித்துக்கொண்டு வருகிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

2

சேகர் பெங்களூர் ஸ்ரீராம்புரத்துக்காரர். அவருடைய அப்பா நகரசபையில் வேலை பார்த்தவர். ஒரே அறை வீட்டில் ஆறு பேர். நான் காக்ஸ் டவுன். சர்ச் மணியடித்தால் எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிரும், அவ்வளவு பக்கம். எங்கள் அப்பா பள்ளி ஆசிரியர்.

நர்ஸிங் படிக்கும்போது தினமும் காலையில் நான் ஏறும் பஸ்ஸுக்கு அவர் டிரைவர். பெங்களூரில் பெண்கள் ஏறுவதும் இறங்குவதும் முன்வாசலில், அது உங்களுக்குத் தெரியும். டிரைவர் இடது பக்கக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் தெரியும். மற்ற டிரைவர்கள் ஒரு கால் தரையிலும் ஒரு கால் படியிலும் இருக்கும்போதே வண்டியை எடுத்துவிடுவார்கள். இவர் எடுக்க மாட்டார். கடைசிப் பெண்ணின் சேலைத் தலைப்பும் பையும் குழந்தையும் முழுதாக வெளியே போய்ச் சேரும்வரை அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்டக்டர் விசில் கொடுத்தாலும் வண்டி நகராது. பின்னாலிருந்து, "ஹோகி சார், டைம் ஆய்த்து!" என்று கன்னடத்தில் சத்தம் வரும், போங்க சார், நேரமாச்சு என்று. அதற்கும் நகராது. அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் நான் இவரைக் கட்டிக்கொண்டேன். ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம். இரண்டு வீட்டிலும் மூன்று வருடம் பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் மகள் அனிதா பிறந்ததும் இரண்டு வீட்டாரும் ஒரே நாளில், ஒரே ஆஸ்பத்திரி வராந்தாவில், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றார்கள்.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால் மெல்பர்னில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. விசா விண்ணப்பத்தில் என் பெயருக்குக் கீழே சேகர் பெயரையும் நாலு வயது அனிதா பெயரையும் 'சார்ந்திருப்போர்' என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். "நானும் கொழந்தையும் ஒரே கட்டமா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வந்த மறுவருடமே அங்கே பஸ் ஓட்டும் உரிமம் வாங்கிவிட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டெப்போவில் ஒருவர் அவரைப் பார்த்து, "ஹவ் ஆர் யூ கோயிங்?" என்று கேட்டாராம். எப்படி இருக்கிறீர்கள் என்பதைத்தான் அந்த ஊரில் அப்படிக் கேட்பார்கள். இவர், "பை பஸ்," என்று சொல்லியிருக்கிறார். அதன்பின் இருபது வருடமும் டெப்போவில் அவருக்குப் பெயர் 'பை பஸ்'தான். போன வருடம் ஓய்வு பெற்றபோது கொடுத்த கேக்கிலும் அதையே எழுதியிருந்தார்கள். அந்த இருபது வருடத்தில் அவர் கையில் ஒரு விபத்து கிடையாது.

3

ஓய்வு பெற்ற இரண்டாவது மாதம் வாசலில் பழைய கேரவன் ஒன்று நின்றது. என்னைக் கேட்காமல் வாங்கியிருந்தார்.

"புரூமுக்குப் போறோம்," என்றார். "அனிதா கிட்ட."

புரூம் என்பது ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலை. மெல்பர்னிலிருந்து காரில் போனால், வழியில் தங்கித் தங்கி மூன்று வாரமாவது ஆகும். எங்கள் அனிதா அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரே ஒரு தடவைதான் வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஆல் குட், மா." பிறகு போன் அப்பா கைக்குப் போகும். அவரும், "ஆல் குட், ஆல் குட்," என்பார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

சின்ன வயதில் அவள் அப்படியில்லை. மழலையில் தமிழும் கன்னடமும் கலந்து கொட்டுவாள். மெல்பர்னில் ஸ்கூலுக்குப் போன முதல் ஆறு மாதம் யாரோடும் பேசவில்லை என்று டீச்சர் சொன்னார். பேசத் தொடங்கியபோது ஆங்கிலம் மட்டும்தான் வந்தது. அவள் பெயரை 'அனீட்டா' என்று அங்கே இழுத்துச் சொல்வார்கள். எட்டாம் வகுப்பில் அவளே போனை எடுத்து, "அனீட்டா ஹியர்," என்றாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"விமானத்துல போனா ஒரே நாள். எதுக்கு இந்தப் பொட்டிய இழுத்துனு போவணும்?" என்று சேகரைக் கேட்டேன்.

"விமானத்துல போனா திங்கக்கிழம வேலைக்குப் போவணும்னு அவ வாச்சப் பாப்பா. வண்டியில இவ்ளோ தூரம் வந்தவங்கள யாராவது சீக்கிரம் அனுப்புவாங்களா?"

அந்தக் கணக்கு எனக்குப் பிடித்துப் போயிற்று. ஆஸ்பத்திரியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். ஒரு தொட்டிக் கறிவேப்பிலைச் செடியையும் அனிதாவுக்கென்று ஏற்றிக்கொண்டேன்.

4

குழாயை இடித்த அதே காலை, கேத்தரினை விட்டு மேற்கே கிளம்பினோம். வடக்கே அப்போது வறண்ட பருவம். வானம் ஒரு துளி மேகமில்லாத நீலம். சாலையின் இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரையான் புற்றுகள். எங்கேயோ புல்லுக்குத் தீ வைத்திருந்தார்கள். புகைக்கு மேல் பருந்துகள் வட்டமிட்டன. சேகர் பழைய பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே ஓட்டினார்.

இரண்டு மணி நேரம் கழித்து டீ குடிக்க ஒரு ஓய்விடத்துக்குள் வண்டியைத் திருப்பினார். இடது பக்கமாகத் திரும்பி உள்ளே போகவேண்டும். அங்கே ஒரு வயதான அம்மாள், சின்ன வெள்ளை நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். நன்றாகத் தெரிகிற சிவப்புத் தொப்பி. சேகர் வேகத்தைக் குறைக்கவில்லை.

"ஏங்க! ஏங்க, ஆளு!"

பிரேக் போட்டார். வண்டி குலுங்கி நின்றது. அந்த அம்மாளுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவர் பயத்தில் பானட்டை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். நாய் குரைத்தது. சேகர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கிருந்து வந்தாங்க?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. குப்பைத் தொட்டி, கல், குழாய்.

ஓய்விடத்தில் ஒரு சிமெண்ட் மேசை இருந்தது. அவரை உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தேன். கேரவனிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வந்தேன்.

"வலது கண்ண மூடுங்க. என் மூக்கையே பாருங்க. ஸ்பூன் எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க."

"உன் மூக்க முப்பது வருஷமா பாத்துட்டேன் ஸ்டெல்லா."

"பாருங்க."

அவருடைய இடது ஓரத்திலிருந்து ஸ்பூனை மெதுவாக உள்ளே கொண்டு வந்தேன். அவர் கண் நைசாக ஸ்பூனைத் தேடிப் போயிற்று.

"கண்ண அசைக்காதீங்க. திருட்டுத்தனம் பண்ணாதீங்க."

மறுபடி முதலிலிருந்து. ஸ்பூன் பாதி தூரம் வந்தது. முக்கால் தூரம் வந்தது. ஏறக்குறைய என் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தபிறகுதான், "ஆங், இப்ப," என்றார். மேலே, கீழே, இன்னொரு பக்கம் என்று எல்லாம் பார்த்தேன். வலது கண் பரவாயில்லை, ஆனால் அதுவும் முழுசாக இல்லை.

"எத்தன நாளாத் தெரியும்?"

அவர் எழுந்து காருக்குப் போனார். டாஷ்போர்டைத் திறந்து, வண்டியின் கையேட்டுக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மெல்பர்னில் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கொடுத்த கடிதம். எட்டு மாதம் ஆகியிருந்தது. கிளௌகோமா சந்தேகம், உடனே கண் டாக்டரைப் பார்க்கவும், அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம் என்று எழுதியிருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய் அது. வலிக்காது. போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். எட்டு மாதச் சொட்டு மருந்து வீணாகப் போயிருந்தது.

"ஏன் எங்கிட்டச் சொல்லல? நான் யாரு உங்களுக்கு?"

"சொன்னா லைசன்ஸப் புடுங்கிப்பாங்க." மேசையைப் பார்த்தபடியே பேசினார். "புடுங்கிக்கட்டும். இன்னா இப்போ. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ, அனிதா வாசல்ல நானே ஓட்டினு போய் நிறுத்தணும்னு நெனச்சேன். உன் விசாவுல வந்தேன். உன் சம்பளத்துல வூடு வாங்கினோம். எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். அதுல அவளப் பாக்கப் போவணும்னு ஆச."

"அந்தம்மாவ இடிச்சிருந்தா?"

அவர் எழுந்து, சிவப்புத் தொப்பி அம்மாளிடம் போனார். மரத்தடியில் இருவரும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அந்த அம்மாள் முதலில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். கடைசியில் இவர் தோளைத் தட்டினார். இவர் குனிந்து நாயைத் தடவிக் கொடுத்தார்.

திரும்பி வந்து கார் சாவியை என் முன்னால் வைத்தார்.

5

நான் அதுவரை ஓட்டியதெல்லாம் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கார். இது பெரிய டீசல் வண்டி, பின்னால் ஒரு வீடு. போனில் சிக்னல் இல்லை. அடுத்த ஊர் நூறு கிலோமீட்டருக்கு மேல். வேறு வழியும் இல்லை.

முதல் ஒரு மணி நேரம் நான் சாலையை மட்டும் பார்த்தேன். கோபம் எனக்கு. வெட்கம் அவருக்கு. ஆனால் அவர் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

அப்போது எதிரே ரோடு டிரெயின் ஒன்று வந்தது. ஒரே எஞ்சினுக்குப் பின்னால் மூன்று லாரிப் பெட்டிகளைக் கோர்த்த வண்டி. தண்டவாளமில்லாத ரயில் என்றே சொல்லலாம். அது கடக்கும்போது காற்று அறைந்தது. பின்னால் கேரவன் வாலாட்டத் தொடங்கியது. கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று.

"பிரேக் மிதிக்காத!" சேகர் குரல் அதட்டலாக வரவில்லை. ரொம்ப அமைதியாக வந்தது. "ஸ்டியரிங்க கெட்டியாப் புடி. ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால மெதுவா எடு. நிதானா. நிதானா. அது ஆடட்டும், நீ ஆடாத. அவ்ளோதான். நின்னுடுச்சு பாரு."

அவருக்கு முக்கியமானது எதுவும் கன்னடத்தில்தான் வரும். 'நிதானா' என்று அவர் சொல்லும்போது பெங்களூர் டிராஃபிக்கில் மாட்டிய பஸ் முழுவதும் அமைதியாகிவிடும். நான் மறுபடி ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்தேன்.

"உங்கமேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன்," என்றேன்.

"இரு. கண்ணாடியப் பாத்துனே கோவமா இரு."

அன்று தங்கிய டிம்பர் கிரீக்கில் கேரவனைப் பின்னோக்கித் தள்ளி எங்கள் துண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. வண்டியை வலப்பக்கம் திருப்பினால் கேரவன் இடப்பக்கம் போகிறது. உலகத்தில் இதைவிட நியாயமில்லாத காரியம் கிடையாது. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் மடக்கு நாற்காலிகளில் டீ கோப்பையோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சேகர் பின்னால் நின்று கையைக் காட்டினார். நாற்பது நிமிடம். ஏழு தடவை. நடுவில் ஒரு முறை நான் இறங்கி, "நீங்களே பண்ணிக்கங்க!" என்று கத்திவிட்டு, அவரால் முடியாது என்பது ஞாபகம் வந்து, மறுபடி ஏறினேன். நேராக நின்றதும் நாற்காலிக்காரர்கள் கை தட்டினார்கள். சேகரும் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

6

மேற்கு ஆஸ்திரேலியா எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. அங்கே பழம், காய்கறி, செடி, தேன் எதையும் உள்ளே கொண்டு போகக் கூடாது. பூச்சியும் நோயும் பரவிவிடும் என்ற பயம். எல்லைக்கு முன்னாலேயே சாலையோரம் வண்டியை நிறுத்தி, இருந்த தக்காளியையெல்லாம் தொக்காகக் கிண்டினேன். சமைத்தது என்றால் விடுவார்கள். ஆரஞ்சுப் பழம் ஆறு மீதி இருந்தது. வீணாக்க மனமில்லாமல் சேகர் ஆறையும் நின்றபடியே தின்று தீர்த்தார்.

"அத்திபெலே செக்போஸ்ட்ல நம்ம பஸ்ஸு லாரி வரிசையில நிக்கும், ஞாபகம் இருக்கா?" என்று தோலை உரித்தபடி கேட்டார். "ஒசூர்ல எங்க அத்த வூட்டுக்குப் போவும்போது. அந்த டீக்கடக்காரன் கன்னடத்துல ஆரமிச்சுத் தமிழ்ல முடிப்பான். கோட்டுக்கு இந்தாண்டயும் அந்தாண்டயும் அதே டீ."

இங்கே கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நேரம்கூட வேறு. எல்லை தாண்டியதும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் திருப்பி வைக்க வேண்டும்.

சாவடியில் அதிகாரி ஒரு இளம்பெண். என் பக்க ஜன்னலில் குனிந்து, என்னைத் தாண்டி சேகரைப் பார்த்து, எங்கேயிருந்து ஓட்டி வருகிறீர்கள் என்று கேட்டாள். பெரிய வண்டி என்றால் ஆண்பிள்ளையிடம் கேட்பது அங்கேயும் வழக்கம்தான்.

சேகர் என் பக்கம் கையைக் காட்டினார். "ஷீ இஸ் த டிரைவர்," என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். கேத்தரினிலிருந்து என்று நான் அவளுக்குப் பதில் சொன்னேன்.

தேன் பாட்டில் போயிற்று. கறிவேப்பிலைச் செடியும் போயிற்று. மகளுக்காகக் கொண்டு வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் உண்மையாகவே வருத்தப்பட்டாள். ஆனால் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டு தொட்டியோடு தூக்கிப் போய்விட்டாள். ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, எலுமிச்சையா என்று கேட்டாள். இல்லை என்று மட்டும் சொன்னேன். அந்த வாசனையை விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

7

கேத்தரினை விட்டுக் கிளம்பிய ஆறாவது நாள் புரூம் வந்து சேர்ந்தோம். சிவப்பு மண், அதைத் தாண்டி பச்சை நீலமாகக் கடல். அனிதாவின் வீடு தகரக் கூரை போட்ட சின்ன வீடு. முன்னால் ஒரு மாமரம். நான் பின்னோக்கித் தள்ளி மூன்றாவது முயற்சியில் வாசலில் நிறுத்தினேன்.

அனிதா வெறுங்காலோடு வெளியே வந்தாள். முதலில் சிரித்தாள். நான் டிரைவர் கதவைத் திறந்து இறங்குவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா? ஒய் ஆர் யூ டிரைவிங்?" அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "வாட் ஹேப்பண்ட்?"

பயணக் களைப்பு என்று சொல்லிச் சமாளித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். இல்லை. உள்ளே போய், சோபாவில் உட்கார்ந்து, கடிதத்தை அவளிடம் கொடுத்து, எல்லாவற்றையும் அவரே சொன்னார். சிவப்புத் தொப்பி அம்மாளையும் சேர்த்து.

அவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். முகம் சிவந்தது.

"அப்பா, நீ பொய் சொன்னே."

தமிழ். நான் திடுக்கிட்டேன். இத்தனை வருடம் கெஞ்சியும் வராத மொழி கோபத்தில் வந்துவிட்டது. உச்சரிப்பு கொச்சை, வார்த்தைக்கு வார்த்தை தேட வேண்டியிருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"எல்லா சண்டேவும் நான் கேக்கறேன். எப்டி இருக்கே, எப்டி இருக்கேன்னு. நீ ஆல் குட், ஆல் குட். இது ஆல் குட்டா? கண்ணு போவுது, அது ஆல் குட்டா?"

"நீயும் அதான கண்ணு சொல்ற," என்றார் சேகர் மெதுவாக.

அவள் சமையலறைப் பக்கம் போனாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள், மூடினாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னாள். கூட வேலை பார்த்த ஒருவனோடு ஒரு வருடம் அதே வீட்டில் வாழ்ந்திருக்கிறாள். கல்யாணம் செய்துகொண்ட பிறகு சொல்லலாம் என்று இருந்தாளாம். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான், தனியாக. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் எங்களிடம், "ஆல் குட், மா," என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

சேகரைப் பார்த்தேன். கோபப்படுவார் என்று ஒரு கணம் பயந்தேன்.

"அப்பல்லாம் ஒழுங்கா சாப்ட்டியா?" என்று கேட்டார்.

அவள் உடைந்து அழுதுவிட்டாள். எழுந்து போய் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவள் இருந்தது அவருடைய இடது பக்கம். அவர் கழுத்தை முழுதாகத் திருப்பி, அவளை வலது கண்ணால் பார்த்துக்கொண்டே தலையைத் தடவிக் கொடுத்தார்.

நான் எழுந்து போய்ச் சோறு வடித்தேன். தக்காளித் தொக்கோடு மூன்று பேரும் சாப்பிட்டோம்.

8

புரூமில் ஐந்து வாரம் இருந்தோம். அந்த ஊருக்கு அவ்வப்போது வந்து போகும் கண் டாக்டரிடம் அனிதாவே அழைத்துப் போனாள். கிளௌகோமாதான். காலை ஒரு சொட்டு, மாலை ஒரு சொட்டு, ஆயுள் முழுவதும். வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றார். வண்டி ஓட்டுவது மட்டும் இனி வேண்டாம் என்றார். உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் படிவத்தை அனிதா கம்ப்யூட்டரில் திறந்து வைத்தாள். தொழில் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று அவள் அடிக்கப் போனபோது சேகர் தடுத்தார். "டிரைவர்னு போடு. ரிட்டயர்டு டிரைவர்." அவள் அப்படியே போட்டாள். கையெழுத்துப் போட்டதும் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. திரும்பி வரும்போது மூன்று பேருக்கும் மீன் வாங்கி வந்திருந்தார்.

அனிதா இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுவதில்லை. தினமும் காலையில் மருந்து போடும் நேரத்துக்குப் போன் வரும். "அப்பா, சொட்டு போட்டியா?" என்று தமிழில் கேட்பாள். முதலில் சொட்டைச் 'சோட்டு' என்றாள். இவர் திருத்திக் கொடுத்தார். சில நாள் அந்த ஒரு கேள்வியோடு சரி. சில நாள் அரை மணி நேரம் போகும். வீட்டு வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஒரு தோழி வந்திருக்கிறாள் என்றாள். டிசம்பரில் ஒரு மாதம் விடுப்பு போட்டிருக்கிறாளாம். பெங்களூருக்குப் போகலாமா என்று அவளாகவே கேட்டாள்.

திரும்பி வரும் வழியில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

புரூமை விட்டுக் கிளம்பிய இரண்டாம் நாள். சாப்பிட்டு முடித்து, மதியம் இரண்டு மணி இருக்கும். சாலை நூல் பிடித்ததுபோல் நேராகப் போயிற்று. இரண்டு பக்கமும் பானை வயிற்றோடு நிற்கும் போவாப் மரங்கள். நான் ஏதோ சொன்னேன், பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சேகர் ஜன்னலில் தலை சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

முப்பது வருடத்தில் இன்னொருவர் ஓட்டும் வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. ரயிலில் தூங்கியதில்லை. விமானத்தில்கூட, கடல் முழுவதையும் தாண்டும்வரை முதுகு நிமிர்த்தி விழித்துக்கொண்டிருந்த மனிதர். பைலட் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்.

ரேடியோவை அணைத்தேன். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. ஒரு கையால் மறைப்பை இழுத்துவிட்டேன். ஓய்விடம் ஐந்து கிலோமீட்டரில் என்று பலகை வந்தது. எனக்கு டீ குடிக்க வேண்டும் போலிருந்தது. கால் மரத்துப் போயிருந்தது. நிறுத்தினால் விழித்துக்கொள்வார்.

ஓய்விடம் வந்தது. நான் இடது பக்கக் கண்ணாடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, வேகம் குறைக்காமல் நேராக ஓட்டினேன்.